வாய், தொண்டைப் புற்றுநோய்: ஆய்வுக்கூடம் சொல்வது என்ன?

அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி மாதிரி பார்த்த பிறகே நாம் விலை பேசுகிறோம். வாயிலோ தொண்டையிலோ புற்று என்ற சந்தேகம் வந்தால் மருத்துவரும் இதைத்தான் செய்கிறார். சிறிது சதையை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார். முன்பு புற்றா, இல்லையா என்ற விடை மட்டுமே கிடைத்து வந்தது. இன்று அதே துணுக்கிலிருந்து, நோயாளி உயிர் பிழைக்கும் வாய்ப்பையும் ஓரளவு கணிக்கிறார்கள். இதற்கு உதவுபவை உயிரியல் அடையாளங்கள் எனப்படும்.

அவற்றுள் முதன்மையானது 'பி16' என்னும் புரதம். டான்சில், அடிநாக்கு ஆகிய இடங்களில் வரும் தொண்டைப் புற்று 'எச்.பி.வி.' என்ற வைரஸால் உண்டானதாயின், இப்புரதம் மிகுந்து காணப்படும். 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், முற்றிய தொண்டைப் புற்று உடையவர்களில் இவ்வைரஸ் இருந்தோரில் 100-க்கு 82 பேர் மூன்றாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். வைரஸ் இல்லாதோரில் 57 பேரே இருந்தனர். வைரஸால் வரும் புற்று கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் எளிதில் கட்டுப்படுவதே காரணம். ஆனால் தினம் ஒரு பாக்கெட் வீதம் பத்தாண்டுக்கு மேல் சிகரெட் பிடித்தவர்களுக்கு இந்தச் சாதகம் குறைந்துவிடுகிறது.

அடுத்தது 'பி53' மரபணு. செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காவல் காப்பது இதன் வேலை. புகையிலை நஞ்சு இதைச் சிதைக்கிறது. இது சிதைந்த புற்றில் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. 'பி.டி.-எல்1' என்ற மற்றொரு புரதத்தின் அளவைப் பார்த்து, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புதிய மருந்து பலன் தருமா என்று முடிவு செய்கிறார்கள்.

இனி நம் கடைக்கு வருவோம். கன்னம், ஈறு, நாக்கு ஆகியவற்றில் நம் நாட்டில் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் புகையிலையும் பாக்குமே காரணம். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்தது. இவ்வகை வாய்ப் புற்றில் பி16 சோதனை அதிகம் உதவுவதில்லை. கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியது, கழுத்து நெறிக்கட்டிக்குப் பரவியதா என்பவையே இங்கு விதியை நிர்ணயிக்கின்றன. கழுத்துக்குப் பரவிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆகவே நமக்கு மிகச் சிறந்த அடையாளம், நோயை எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம் என்பதே.

அதைக் காண ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணாடியும் வெளிச்சமும் போதும். மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, மாறாத குரல் கம்மல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வலி இல்லையே என்று இருந்துவிடக் கூடாது. தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது.

நாள் முழுதும் கல்லாவில் அமர்ந்து வெற்றிலை பாக்கோ புகையிலையோ மெல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. கையெட்டும் தூரத்தில் சரக்கு இருப்பதால் அளவு தெரிவதில்லை. வியாபாரத்தை ஒரு நாள் விட்டால் மறுநாள் பிடித்துக்கொள்ளலாம். வாயில் வந்த புண்ணைத் தள்ளிப்போட்டால் அந்த நாள் திரும்பாது. இன்றே பழக்கத்தை விடுவோம். வாரம் ஒரு முறை வாயைப் பார்த்துக்கொள்வோம்.