செங்கல்லில் எழுதிய டாக்டர்

நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தேன். சுவரில் எச்சரிக்கை எழுதவைத்து அலுத்துப்போயிருந்த நாளில்தான் சாமுவேல் கிரம்பைன் என்ற அமெரிக்க டாக்டரைப் பற்றிப் படித்தேன். ‘நடைபாதையில் துப்பாதே’ என்பதை அவர் சுவரில் எழுதவில்லை. செங்கல் சூளைக்காரர்களிடம் பேசி, அந்த வாசகத்தைக் கல்லிலேயே அச்சாகப் பதிக்க வைத்தார். கன்ஸாஸ் மாநிலத்து ஊர்களில் செங்கல் பாவி நடைபாதை போட்ட காலம் அது. துப்பக் குனிகிறவன் கண்ணில் எழுத்துதான் முதலில் படும். மழை அதை அழிக்காது. மேலே போஸ்டர் ஒட்டவும் முடியாது.

கிரம்பைன் பென்சில்வேனியாவில் 1862இல் பிறந்தவர். 1885 வாக்கில் மேற்கே கன்ஸாஸின் டாட்ஜ் சிட்டிக்குப் போய்த் தொழில் தொடங்கினார். டெக்சஸிலிருந்து மாட்டு மந்தைகளை ஓட்டி வந்து ரயிலேற்றும் ஊர் என்று பேர் வாங்கிய இடம். சுற்றிலும் புல்வெளி, பண்ணை வீட்டுக்கும் பண்ணை வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் தூரம். குதிரை வண்டியில்தான் நோயாளியைத் தேடிப் போக வேண்டும். டாக்டர் போய்ச் சேருவதற்குள் காய்ச்சல் முந்திவிடும். 1904இல் மாநிலச் சுகாதார வாரியத்தின் செயலாளரானார். நோய் வந்தபின் ஓடுவதை விட்டு, வரும் வழியை அடைக்கும் வேலை அது.

அவர் ரயிலில் கண்ட ஒரு காட்சியை நான் மறக்கவே மாட்டேன். அப்போதெல்லாம் பெட்டியின் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், எல்லோருக்கும் பொதுவாக ஒரே தகரக் குவளையும் இருக்கும். வறண்ட காற்று நெஞ்சுக்கு நல்லது என்று காசநோயாளிகள் கூட்டம் கூட்டமாக மேற்கே பயணப்பட்ட நேரம். அப்படி ஒருவர் எழுந்து வந்து குவளையில் குடித்துவிட்டு வைத்தார். அடுத்து ஒரு சின்னப் பெண் வந்து அதே குவளையை வாயில் வைத்துக் குடித்தாள். காசநோய் பெரும்பாலும் இருமல் வழியே காற்றில் பரவுவது என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் தொண்டை அடைப்பானுக்கு அந்த விளிம்பு போதும்.

1909இல் ரயிலிலும் பள்ளிகளிலும் பொதுக் குவளையை கன்ஸாஸ் தடை செய்தது. அமெரிக்காவில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். வெறும் தடையால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பஸ் ஸ்டாண்ட் தண்ணீர்த் தொட்டியில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்த டம்ளரை நானே அவிழ்த்து எடுத்துப் போனேன். மறுநாள் அதே சங்கிலியில் வேறு டம்ளர் தொங்கியது. தாகத்துக்கு நான் மாற்று எதையும் வைத்துவிட்டு வரவில்லையே! கன்ஸாஸில் தடை வந்த சமயம் மாற்றும் பிறந்திருந்தது. லாரன்ஸ் லூயலன், ஹியூ மூர் என்ற இருவர் குடித்ததும் எறியும் காகிதக் கோப்பையை விற்கக் கிளம்பியிருந்தார்கள். பின்னாளில் ‘டிக்ஸி கப்’ என்று பேர் பெற்றது அதுதான்.

ஈ விஷயத்திலும் இதே கதைதான். மலத்தில் உட்கார்ந்த கால் சோற்றில் உட்காரும், டைபாய்டும் பேதியும் கூடவே வரும் என்று எத்தனை அறிக்கை போட்டாலும் யார் படிப்பார்கள்? ஒருநாள் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தை ‘அடி, அடி’ என்று கூட்டம் கத்தியதைக் கேட்ட கிரம்பைன், ‘ஈயை அடி’ என்பதையே இயக்கத்தின் முழக்கமாக்கிவிட்டார். வியர் என்ற ஊரின் பள்ளி ஆசிரியர் ஃபிராங்க் ரோஸ், அடிக்கோலின் நுனியில் சன்னல் கம்பிவலைத் துண்டை ஆணியடித்து ஈயடிக்கும் மட்டை செய்தார். ஈ கொல்லும் கருவிக்கு 1900இலேயே வேறொருவர் காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனாலும் ‘ஃப்ளை ஸ்வாட்டர்’ என்ற பேரைப் புழக்கத்தில் விட்டவர் கிரம்பைன்தான். அடிக்கோலும் கம்பிவலையும் எந்த வீட்டில் இல்லை? பையன்களுக்கு அது விளையாட்டாகவே போயிற்று.

1911இல் பொது இடங்களில் எல்லோரும் கை துடைக்கும் ஒரே துண்டையும் ஒழித்தார். 1923இல் பதவியை விட்டு நியூயார்க் போய்க் குழந்தைகள் நலப் பணியில் சேர்ந்தார். 1948இல் தன் வரலாற்றை எழுதினார், 1954இல் காலமானார். அந்தச் செங்கற்களைச் சேகரிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். விளிம்பு தேய்ந்த கல்லிலும் எழுத்தைப் படிக்க முடிகிறது.