முதலாண்டு மாணவர்க்கு மூத்தோர் துணை

உயர்தரப் பரீட்சையிற் சிறந்த சித்தி பெற்றுப் பல்கலைக்கழகம் புகும் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். பாடசாலையில் அவன் முன்வரிசையில் இருந்தவன். ஆசிரியர் யாவரும் அவன் பெயரை அறிவர். பல்கலைக்கழகத்திலோ அவன் நூற்றுக்கணக்கானோருள் ஒருவன். விரிவுரையாளர் வருகிறார், ஒரு மணி நேரம் பேசுகிறார், சென்றுவிடுகிறார். எதைக் குறித்துக்கொள்வது, எந்நூலை முதலிற் படிப்பது, விளங்காததை யாரிடம் கேட்பது என்பவற்றை எவரும் எடுத்துரைப்பதில்லை. நம் நாட்டில் மருத்துவமும் பொறியியலும் பயிலச் செல்வோர்க்குக் கற்கும் மொழியும் மாறிவிடுகிறது. பாடசாலையில் தமிழிற் படித்ததை இனி ஆங்கிலத்திற் கேட்க வேண்டும். முதலாவது தவணை முடியுமுன்னரே அம்மாணவன் தன் அறிவிலேயே ஐயங்கொள்ளத் தொடங்குகிறான்.

இவனுக்குக் கைகொடுக்கத் தக்கவர் யார்? பெற்றோர் தொலைவில் இருக்கின்றனர். விரிவுரையாளரோ அப்பாடத்தில் நெடுங்காலம் ஊறியவர். தொடக்கத்தில் எது கடினமாக இருந்தது என்பதை அவர் மறந்திருக்கக்கூடும். எஞ்சுவோர், ஓரிரு ஆண்டுகளுக்கு முன் இதே வழியில் இடறி எழுந்த மூத்த மாணவரே. அவர்களைத் தெரிந்தெடுத்து, பயிற்சியளித்து, முதலாண்டு மாணவர்க்கு வழித்துணையாக அமர்த்தும் முறை இன்று பல நாடுகளிற் கைக்கொள்ளப்படுகிறது. அம்முறை எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு இயங்குகிறது என்பதையே இன்று நோக்குவோம்.

1970ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் பெருங் கொந்தளிப்பில் இருந்தன. ஒகையோ மாநிலத்துக் கென்ற் நகரில் நான்கு மாணவர் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியாகியிருந்தனர். தென் கரோலினாப் பல்கலைக்கழகத்திலும் மாணவர் கிளர்ந்தெழுந்து நிருவாகக் கட்டடத்தினுட் புகுந்தனர். அதன் தலைவராயிருந்த தோமஸ் ஜோன்ஸ், காவலைப் பெருக்குவதோடு நின்றுவிடவில்லை. மாணவர்க்கும் நிறுவனத்துக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போனது ஏன் என ஆராய்ந்தார். அதன் பயனாக 1972இல் முதலாண்டு மாணவர்க்கெனத் தனிப் பாடநெறியொன்று தொடங்கப்பட்டது. ‘பல்கலைக்கழகம் 101’ என்பது அதன் பெயர். சிறு சிறு வகுப்புகளாகக் கூடி, பல்கலைக்கழக வாழ்வையும் கற்கும் முறையையும் அறிந்துகொள்வதே அதன் நோக்கம். ஜோன் கார்ட்னர் என்பார் அதனைப் பல்லாண்டுகள் வழிநடத்தி வளர்த்தார். 1993 முதல் மூத்த மாணவரும் ஆசிரியரோடு சேர்ந்து அவ்வகுப்புகளை நடத்தலாயினர். ஆசிரியர் முன்னிலையிற் கேட்கக் கூசும் கேள்விகளைப் புதியவர் இவர்களிடம் கேட்டனர்.

மற்றொரு முறை மிசூரி மாநிலத்துக் கன்சாஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் 1973இல் தோன்றியது. அதனை வகுத்தவர் டியானா மாட்டின் என்னும் பெண்மணி. மருத்துவம், பல்மருத்துவம், மருந்தாக்கவியல் ஆகியவற்றைப் பயில வந்தோருட் பலர் இடையிலே படிப்பை விட்டு நீங்குவது அங்கே கவலையாயிருந்தது. வலுக்குறைந்த மாணவரைப் பொறுக்கியெடுத்து உதவுவதே அதுவரை வழக்கம். மாட்டின் அதனைத் தலைகீழாக மாற்றினார். கடினமான மாணவரைத் தேடாது கடினமான பாடங்களைத் தேடினார். ஒரு பாடத்தில் நூற்றுக்கு முப்பது பேரளவில் தவறுகின்றனர் அல்லது விலகுகின்றனர் எனின், அப்பாடத்துக்கே துணை வேண்டும் என்பது அம்முறையின் கொள்கை. இதனால் துணை நாடிச் செல்பவனுக்கு ‘மந்தமானவன்’ என்ற பெயர் ஒட்டுவதில்லை. கெட்டிக்காரனும் வரலாம், தடுமாறுபவனும் வரலாம்.

இம்முறையில் மாணவத் தலைவர் ஆற்றும் பணி நுட்பமானது. அவர் அப்பாடத்தை முன்னரே கற்று நற்சித்தி பெற்றவர். எனினும் புதிய மாணவரோடு மீண்டும் விரிவுரையில் அமர்ந்து குறிப்பெடுக்கிறார். பின்னர் கிழமைதோறும் குறித்த நேரங்களில் அவர்களைக் கூட்டுகிறார். அங்கே அவர் இரண்டாவது விரிவுரை நிகழ்த்துவதில்லை. “இத்தாக்கத்தில் வெப்பவுள்ளுறை மாற்றம் மறைக்குறியுடன் வருவது ஏன்?” என்று ஒருவர் கேட்டால், உடனே விடை கூறிவிடமாட்டார். “வெப்பம் வெளியே செல்கிறதா, உள்ளே வருகிறதா? உங்கள் குறிப்பு என்ன சொல்கிறது?” என்று அவையோரிடமே திருப்பிவிடுவார். ஒருவர் பாதி சொல்வார், மற்றவர் நிரப்புவார். வெப்பம் வெளியேறுவதால் தொகுதியின் சக்தி குறைகிறது. ஆகவே மறைக்குறி என்பதைத் தாமே கண்டடைவர். தாமே கண்டது பரீட்சை மண்டபத்திலும் மறவாது.

கன்சாஸ் நகரிலிருந்து இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது. 1990ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் அது வேரூன்றத் தொடங்கிற்று. இத்தகைய கூட்டங்களுக்கு ஒழுங்காக வருவோர் கூடிய புள்ளி பெறுகின்றனர் எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும், விரும்பி வருவோர் இயல்பாகவே ஊக்கமுடையோராய் இருக்கலாம் என்ற ஐயமும் ஆராய்ச்சியாளரிடையே உண்டு. அவ்வையம் நியாயமானதே.

மூத்த மாணவர் என்பதனால் மட்டும் ஒருவர் வழிகாட்டியாகிவிட முடியாது. பொறுமையாகக் கேட்கவும், விடையை அடக்கிக்கொண்டு வினாவை எழுப்பவும் அவருக்குப் பயிற்சி வேண்டும். புள்ளியிடும் அதிகாரம் அவரிடம் இருத்தலாகாது. தம் எல்லையையும் அவர் அறிதல் வேண்டும். ஆழ்ந்த மனத்துயரோடு ஒருவர் வரும்போது தாமே வைத்தியராக முயலாது, உரிய ஆலோசகரிடம் அழைத்துச் செல்வதே அவர் கடமை.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். இங்கேயும் மூத்த மாணவர் கற்பிக்கும் வழக்கம் புதிதன்று. பரீட்சை நெருங்கும் வேளையில் ஒருவரைச் சூழ்ந்திருந்து பாடங் கேட்பதைப் பல்கலைக்கழக மாணவர் ‘குப்பி’ என்பர். குப்பி விளக்கை நினைவூட்டும் அப்பெயரிலே ஓர் அழகும் உண்டு. ஒரு சிறு சுடரைச் சுற்றிப் பலர் அமர்ந்து படிக்கும் காட்சி அது. பலரைக் கரைசேர்த்த நல்வழக்கம் இது.

ஆனால் அதே மூத்தோரிடமிருந்தே பகிடிவதையும் வருகிறது. 1997இல் பேராதனையில் பொறியியல் மாணவர் ஒருவர் அதனால் உயிரிழந்தார். மறு ஆண்டிலே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்தும் அக்கொடுமை முற்றாக ஒழியவில்லை. ஏன்?

பகிடிவதைக்கு ஆதரவாகப் பேசுவோர், அது புதியவரை மூத்தோருடன் பிணைக்கிறது என்பர். இவ்வாதம் தவறானது; எனினும் அதனுள்ளே ஓர் உண்மை மறைந்துள்ளது. புதியவனுக்கு மூத்தோரின் உறவு உண்மையிலேயே தேவைப்படுகிறது. பழைய வினாத்தாளும், விரிவுரைக் குறிப்பும், விளக்கமும் அவர்களிடமே உள்ளன. பகிடிவதைக்கு இணங்காதவரை ஒதுக்கிவைத்து, இவ்வுதவிகளை மறுப்பதாக மாணவர் பலர் முறையிட்டுள்ளனர். அங்ஙனமாயின், அவமானமே உதவிக்குரிய விலையாகிவிடுகிறது. வேறு வழியற்றவன் அவ்விலையைக் கொடுக்கிறான். அடுத்த ஆண்டிலே தானும் அதனை அறவிடுகிறான்.

இந்தப் பண்டமாற்றைச் சட்டம் மட்டும் முறிக்க இயலாது. பயிற்சி பெற்ற மாணவத் தலைவர், பீடத்தின் ஆதரவோடு, பகல் வெளிச்சத்திலே, எல்லார்க்கும் திறந்த கதவோடு அதே உதவியை வழங்குவாராயின், அதற்கு எவரும் தலைகுனிய வேண்டியதில்லை. விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கு யாரும் மானத்தை ஈடுவைக்கமாட்டார்.

இவ்வாண்டு பல்கலைக்கழகத்தில் மூத்தவராயிருக்கும் இளைஞரும் யுவதிகளும் இதனைக் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும். நீங்கள் சென்ற முதல் நாளில் எதைத் தேடித் தவித்தீர்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாளை வாயிலில் நிற்கும் புதியவருக்கு அதனையே சொல்லிக் கொடுங்கள்.