இரண்டு பியானோ, ஒரே ஒரு ஆள்!



சாயங்கால நேரத்தில் மறைமலைநகர் ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? பள்ளி, கல்லூரி விட்டு வரும் கூட்டத்தில், முதுகில் புத்தகப் பையும் கையில் நீளமான ஒரு கறுப்புப் பையுமாக யாராவது நிற்கக்கூடும். கிரிக்கெட் மட்டை என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் இருப்பது கீபோர்டாகவும் இருக்கலாம்! 'இதைக் கற்றுக்கொண்டு என்ன ஆகப்போகிறது?' என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. நம் சென்னைப் பையனின் கதை. கேளுங்கள்.

பெயரிலேயே இசை!

அவர் பெயர் லிடியன் நாதஸ்வரம். 2005-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தவர். அப்பா வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். அக்கா அமிர்தவர்ஷினி புல்லாங்குழல் வாசிப்பவர்.

'நாதஸ்வரம்' என்றால் நமக்குத் தெரியும். 'லிடியன்' என்றால்? அது மேற்கத்திய இசையில் ஒரு சுர வரிசையின் பெயர். நம் கர்நாடக இசையில் அதே சுரங்களைக் கொண்ட ராகம் கல்யாணி. ஆக, ஒரே பெயரில் மேற்கும் கிழக்கும் கைகோத்து நிற்கின்றன!

லிடியன் முதலில் பிடித்தது டிரம்ஸ் குச்சிகளைத்தான். சின்னஞ்சிறு வயதிலேயே தாளம் போட ஆரம்பித்துவிட்டார். அதன் பிறகுதான் பியானோ. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்றார்.

தேனீயா, விரலா?

2019-ம் ஆண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்ற போட்டி. உலகின் பல நாடுகளிலிருந்து பாடுபவர்கள், ஆடுபவர்கள், வித்தை காட்டுபவர்கள் வந்திருந்தார்கள். மூன்று நடுவர்கள் போதாதென்று, பல நாடுகளைச் சேர்ந்த 50 நிபுணர்களும் மதிப்பெண் போட உட்கார்ந்திருந்தார்கள். அந்த மேடையில் 13 வயது லிடியன் தனியாகப் போய் பியானோ முன்னால் உட்கார்ந்தார்.

அவர் வாசித்தது ரஷ்ய இசைமேதை ரிம்ஸ்கி-கோர்சகோவ் எழுதிய ஒரு வண்டின் பறத்தல். ஒரு நாடகத்தில் இளவரசன் ரீங்கரிக்கும் வண்டாக மாறிப் பறக்கும் காட்சிக்காக எழுதப்பட்ட இசை அது. தேனீக்கு உறவான அந்த வண்டு எப்படி நிற்காமல் 'ஙொய்ங்' என்று சுற்றுமோ, அப்படியே சுரங்களும் நிற்காமல் ஓடும்.

லிடியன் முதலில் நிமிடத்துக்கு 208 துடிப்பு வேகத்தில் வாசித்தார். அரங்கமே அசந்துபோனது. அடுத்து, இன்னும் வேகமாக வாசித்தார். இந்த முறை நிமிடத்துக்கு 325 துடிப்பு!

இதெல்லாம் எவ்வளவு வேகம்? ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? ஒரு துடிப்புக்கு நான்கு சுரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 325-ஐ 4-ஆல் பெருக்கினால் 1300. அதாவது ஒரு நிமிடத்தில் 1300 சுரங்கள். 60-ஆல் வகுத்தால், ஒரு நொடிக்கு 21-க்கும் மேல்! நீங்கள் கண்ணை ஒருமுறை மூடித் திறப்பதற்குள் எத்தனை சுரங்கள் ஓடியிருக்கும் பாருங்கள்.

அந்த ஆண்டு மார்ச் மாதம் நடந்த இறுதிப் போட்டியில் லிடியன்தான் வென்றார். பரிசு 10 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 7 கோடி ரூபாய்!

வேகம்தான் இசையா?

இங்கே ஒரு கேள்வி வரும். 'வேகமாக வாசிப்பது சர்க்கஸ் வித்தை மாதிரிதானே? அது இசையாகுமா?'

நியாயமான கேள்விதான். ஒப்பித்தல் போட்டியில் மூச்சு விடாமல் கடகடவென்று ஒப்பிப்பவர் கைதட்டல் வாங்குவார். ஆனால் பொருள் உணர்ந்து, நிறுத்தி, நிதானமாகச் சொல்பவர்தான் மனதில் நிற்பார். இசையும் அப்படித்தான். மெதுவான ஒரு தாலாட்டை அழகாக வாசிப்பது, வண்டின் பறத்தலை வாசிப்பதைவிடச் சுலபம் என்று நினைக்காதீர்கள். மெதுவாக வாசிக்கும்போது ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரியும். சின்னத் தப்பும் மறைந்துகொள்ள இடம் கிடையாது.

ஆனால் ஒன்று. வேகமும் சும்மா வந்துவிடாது. கடினமான இடத்தை முதலில் ஆமை வேகத்தில் வாசிக்க வேண்டும். இடது கை தனியாக, வலது கை தனியாக. தப்பே வராத பிறகுதான் வேகத்தைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். தப்பு வந்தால் மறுபடி பழைய வேகம். இதற்கு உதவ 'டிக்... டிக்...' என்று தாளம் சொல்லும் மெட்ரோனோம் என்ற கருவி உண்டு. ஆக, அந்த ஒரு நிமிட வேகத்துக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான நிதானம் இருக்கிறது!

பியானோவின் வயிற்றுக்குள்...

பியானோவைத் திறந்து பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். வெளியே 88 கட்டைகள். அதில் வெள்ளை 52, கறுப்பு 36. உள்ளே 200-க்கும் மேற்பட்ட கம்பிகள். ஒரு கட்டையை அழுத்தினால், கம்பளித் துணி சுற்றிய ஒரு சின்ன மரச் சுத்தியல் எழும்பிக் கம்பியைத் தட்டும். மெல்ல அழுத்தினால் மெல்லிய ஒலி. ஓங்கி அழுத்தினால் பெரிய ஒலி.

இந்தக் கருவியை சுமார் 1700-ல் உருவாக்கியவர் இத்தாலியைச் சேர்ந்த பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி. பழைய பியானோக்களில் ஒரு சிக்கல் இருந்தது. தட்டிய சுத்தியல் முழுவதும் கீழே இறங்கினால்தான் மறுபடி தட்ட முடியும். 1821-ல் பாரிசைச் சேர்ந்த எரார் அதை மாற்றினார். சுத்தியல் பாதி இறங்கினாலே மறுபடி தட்டும்படி செய்தார். ஒரே கட்டையை மடமடவென்று திரும்பத் திரும்பத் தட்ட முடிவது அதனால்தான்!

பியானோவால் முடியாததும் ஒன்று உண்டு. வீணைக் கம்பியை இழுத்து சுரத்தை அசைக்கிறார்களே, அந்த கமகம் பியானோவில் வராது. அழுத்தினால் அந்த ஒரு சுரம்தான். அப்படியிருந்தும் சென்னையைச் சேர்ந்த பியானோ கலைஞர் அனில் சீனிவாசன், பாடகர் சிக்கில் குருசரணுடன் சேர்ந்து கர்நாடக இசைக்குப் பியானோவைத் துணையாக்கிக் காட்டியிருக்கிறார்.

ஒற்றை ஆள் கச்சேரி

நம் ஊர்க் கச்சேரியில் பாடகருக்கு வயலின், மிருதங்கம் எல்லாம் பக்கத்தில் இருக்கும். பியானோவில் தனிக் கச்சேரி என்றால் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு கருவி. ஒரு மணி நேரத்துக்கு மேலும் வாசிக்க வேண்டும். பெரும்பாலும் எதிரே புத்தகம்கூட இருக்காது. எல்லாம் மனப்பாடம்! இந்த வழக்கத்தைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஹங்கேரியில் பிறந்த லிஸ்ட். அதே காலத்தில் ஜெர்மனியில் கிளாரா என்ற சிறுமி, 1828-ல் ஒன்பது வயதிலேயே மேடை ஏறிவிட்டாள்.

இந்தக் கச்சேரிக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள். நடுவில் இசை நின்றதும் கைதட்டிவிடக் கூடாது. ஒரே படைப்பில் மூன்று, நான்கு பகுதிகள் இருக்கும். வாசிப்பவர் கையை எடுத்துவிட்டு எழுந்து நின்றால், முடிந்துவிட்டது என்று பொருள். அப்புறம் கை வலிக்கும்வரை தட்டுங்கள்!

நம் பக்கத்து ஊரில் திருவிழா

2022-ல் நம் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது நினைவிருக்கிறதா? 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் வந்தார்களே! அதன் தொடக்க விழா ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. அந்த மேடையில் 16 வயது லிடியன் இரண்டு பியானோக்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஒரு கை ஒரு பியானோவில், மறு கை இன்னொரு பியானோவில். ஒரே நேரத்தில் இரண்டையும் வாசித்தார்! சதுரங்கம் ஆட வந்தவர்கள் ஒரு சென்னைப் பையனின் விரல்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பரிசு வாங்கியதோடு முடிந்ததா?

இல்லை. கதையின் முக்கியமான இடமே இதுதான். சின்ன வயதில் பெரிய பரிசு வாங்கியவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. ஊரே 'அதே வித்தையை இன்னொரு தடவை காட்டு' என்று கேட்கும். அதையே செய்துகொண்டிருந்தால் வளர்ச்சி நின்றுவிடும்.

லிடியன் மாணவராகவே தொடர்ந்தார். இசைஞானி இளையராஜாவிடம் பாடம் கேட்டார். திருக்குறளின் 1330 குறள்களுக்கும் இசையமைக்கும் பெரிய வேலையில் இறங்கினார். நடிகர் மோகன்லால் இயக்கிய 'பரோஸ்' படத்தின் பாடல்களுக்கு இசையமைத்தார். 2024 டிசம்பரில் அந்தப் படம் வெளியானபோது அவருக்கு வயது 19. மற்றவர் எழுதிய இசையை வேகமாக வாசித்த பையன், சொந்தமாக இசை எழுதும் இளைஞராகிவிட்டார். 'வேகம்தான் இசையா?' என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் உண்டா?

உங்களுக்கும் ஆசையா?

உடனே 'பெரிய பியானோ வாங்கித் தாருங்கள்' என்று அப்பாவிடம் அடம் பிடிக்காதீர்கள்! அதன் விலை மிக அதிகம். 61 கட்டை உள்ள கீபோர்டிலேயே தொடங்கலாம். வீட்டில் கீபோர்டு இல்லாவிட்டாலும், சொல்லிக்கொடுப்பவர் வீட்டிலோ பள்ளியிலோ கொஞ்ச நேரம் கிடைத்தால் போதும். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகள் சென்னையிலும் நடக்கின்றன. முதல் நிலையிலிருந்து எட்டாம் நிலைவரை படிப்படியாக ஏறலாம்.

கீபோர்டு கிடைத்தால் இதைச் செய்து பாருங்கள். நடுவில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். அவற்றுக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டைதான் 'ஒரு கட்டை'. பாட்டு வாத்தியார் 'அஞ்சு கட்டை சுருதி' என்கிறாரே, அந்தக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது! அங்கிருந்து வெள்ளையாகவே எண்ணி நான்காவது கட்டைக்குப் போங்கள். அதை 'ச' என்று வைத்து, வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக எட்டு தட்டுங்கள். என்ன கேட்கிறது? அதுதான் கல்யாணி. அதுதான் லிடியன்!

மெதுவாகவே தட்டுங்கள். அவசரமே வேண்டாம். வேகம் தானாக வரும்!

உங்களுக்குத் தெரியுமா?

பியானோவுக்குக் கடற்காற்று ஆகாது! ஈரம் பட்டால் உள்ளே இருக்கும் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கம்பியின் சுருதி மாறிவிடும். அதனால்தான் சென்னை, மாமல்லபுரம் போன்ற கடற்கரை ஊர்களில் பியானோவை ஜன்னலோரம் வைக்காமல், அவ்வப்போது ஆள் வரவழைத்துச் சுருதி சேர்ப்பார்கள்.