புதுக் கைக்கு எத்தனை மரம்?

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுத் தோட்ட வேலைக்கு வரும் இளைஞர் ஒருவர், பால்வெட்டுப் பழகத் தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே முழு நிரைக்கு அனுப்பப்படுவதுண்டு. வழக்கமாக அந்த நிரையை வெட்டுபவர் நோயுற்றிருப்பார். அல்லது வேலையை விட்டு விலகியிருப்பார். பெரட்டில் ஆள் குறைந்தால் கங்காணியின் பார்வை பழகுநர்மேல் விழுவது இயல்பே. வீட்டாருக்கும் மகிழ்ச்சிதான். மகனோ மகளோ முழு நிரை பிடித்துவிட்டால் முழுச் சம்பளம் வரும் என்று பெற்றோர் கணக்கிடுகின்றனர். இந்தக் கணக்கில் மரத்தின் பங்கு விடுபட்டுப் போகின்றது.

ரப்பர் மரத்தின் பால் கட்டையில் இல்லை. பட்டையில் உள்ள நுண்ணிய பாற்குழாய்களில் இருக்கின்றது. அக்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக அமைந்துள்ளன. அதற்கும் உள்ளே, கட்டையை ஒட்டி, மிக மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. வெட்டிய இடத்தில் புதுப் பட்டையை உண்டாக்குவது அதுவே. ஆகவே கத்தி போதிய ஆழம் செல்லவும் வேண்டும். வளர்படலத்தைத் தொடாமல் இருக்கவும் வேண்டும். இடையே விட்டுவைக்க வேண்டிய பட்டையின் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். விரல் நகத்தின் கனத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

முன்பு பிரேசில் காடுகளில் கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுத்து வந்தனர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ரிட்லி, ஒரே வெட்டுக்கோட்டை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890ஆம் ஆண்டுகளில் செய்து காட்டினார். ஒரே மரத்திலிருந்து இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பால் பெற முடிவது இம்முறையால்தான். ஆனால் அதன் பயன் முழுவதும் வெட்டுபவரின் கையைப் பொறுத்தது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் மரத்தை ஆண்டுக்கு 150 முறை வெட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையைச் சீவினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் செலவாகும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தொடங்கிய பட்டை ஆறு ஆண்டுகளுக்கு மேல் வரும். புதுக் கை சற்றுத் தடித்துச் சீவி இரண்டரை மில்லிமீட்டர் எடுத்தால், அதே பட்டை நான்கே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஒருநாள் வெட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆழப் பிழை இதனினும் கொடியது. வளர்படலம் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. கட்டையிலிருந்து முண்டும் முடிச்சும் புடைத்து எழும். மழைக்காலத்தில் வெட்டுப்பட்டையைத் தாக்கும் நோய்க்கும் காயம் வழிவிடும். ஒரு பக்கத்துப் பட்டை தீர்ந்து, மறுபக்கமும் தீர்ந்த பின்னரே முதற்பக்கத்தில் வளர்ந்த புதுப் பட்டைக்கு மீண்டும் வருகின்றோம். இன்று ஒரு பழகுநர் விட்ட காயத்தின்மேல் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து வேறொருவரின் கத்தி இடறும். காயப்படுத்தியவருக்கு அது தெரியவே வராது.

ஐந்நூறு மரங்கள் கொண்ட நிரையை மூன்று மணி நேரத்தில் வெட்டி முடிக்க வேண்டுமானால், ஒரு மரத்திற்குக் கிடைப்பது இருபத்தொரு விநாடி. மரத்துக்கு மரம் நடப்பதும் அதற்குள் அடக்கம். பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில் என்பதால் இருட்டிலேயே தொடங்கவும் வேண்டும். தேர்ந்த கைக்கு இது போதும். பழகுநரோ வேகத்திற்காகத் தடித்துச் சீவுகின்றார். பாலின் எடைக்கேற்ப ஊதியம் கூடுமானால் ஆழமாக வெட்டும் ஆசையும் சேர்ந்துகொள்ளும்; ஏனெனில் ஆழ வெட்டினால் இன்றைய வாளியில் பால் கூடும் என்பது உண்மையே. பழகும் காலத்தில் ஒருவரை எடையால் மதிப்பிடுவது, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையை எத்தனை பக்கம் படித்தான் என்று கேட்பது போன்றதாகும்.

அவ்வாறாயின் புதியவருக்குப் பொறுப்பே தரக்கூடாதா? அதுவும் தவறு. மாதக்கணக்காக மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் மட்டுமே விடப்படும் இளைஞர், கத்தி பிடிக்கும் முன்பே வேலையில் சலிப்புற்றுவிடுவார். பின்னர் அவர் பட்டணத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார் என்று குறைப்பட்டுப் பயனில்லை.

மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கவிருக்கும் முதிய மரங்களில் இருபது முப்பதை ஒருவருக்கே ஒதுக்கிவிடலாம். கத்தி தீட்டுவது, கோடு பிடிப்பது, சீவுவது, மங்கு வைப்பது, பால் எடுப்பது யாவும் அவரே செய்ய வேண்டும். அதே மரங்களுக்கு மீண்டும் மீண்டும் வருவதால், முந்திய வெட்டில் தாம் செய்தது என்னவாயிற்று என்பதை அவர் தம் கண்ணாலேயே காண்பார். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சாய்வு தவறினால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாவதும் அவருக்கே புலப்படும். அனுபவமுள்ள ஒருவர் வாரத்தில் இரண்டு முறையேனும் உடன் நின்று, கூர்முனைக் கருவியால் குத்தி எஞ்சிய பட்டையின் கனத்தை அளந்து காட்ட வேண்டும். காயம் குறையக் குறைய மரங்களைக் கூட்டிக்கொண்டே போகலாம். முதன்முதலாக வெட்டப்படும் இளமரங்களின் பட்டையை மட்டும் கடைசிவரை அவரிடம் தராதிருப்பது நல்லது. சிறுதோட்டங்களில் கங்காணி இல்லை. அங்கே இந்த மேற்பார்வை தந்தைக்கோ தாய்க்கோ உரிய வேலை.

இரண்டாம் வாரத்தில் ஆள் குறைந்த நிரை என்ன ஆவது என்று கங்காணி கேட்பார். நியாயமான கேள்விதான். பக்கத்து நிரைக்காரர்கள் இருவர் இயன்றதைப் பகிர்ந்துகொள்ளலாம். முதிய மரங்கள் அதில் இருந்தால் ஐம்பதைப் பழகுநருக்கு விடலாம். எஞ்சிய மரங்கள் அன்று வெட்டப்படாமல் நின்றால் ஒருநாள் பால் குறையும். பட்டை அப்படியே இருக்கும்.