சிம்ஃபொனி என்றால் என்ன?

2025 மார்ச் 8 அன்று லண்டன் மாநகரில் இசைஞானி இளையராஜாவின் ‘வேலியண்ட்’ சிம்ஃபொனி அரங்கேறியது. ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் அதை வாசித்தனர்.

சிம்ஃபொனி என்பது பாடலன்று; வயலின், குழல், எக்காளம், முரசு எனப் பல கருவிகள் சேர்ந்து முழங்கும் நெடிய இசைப்படைப்பு. பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது; ‘வேலியண்ட்’டும் அவ்வாறே. ஒவ்வொரு கருவிக்கும் உரிய சுரங்கள் தனித்தனியே தாளில் எழுதப்படும். ஆகவேதான், பண்ணைப்புரத்தில் பிறந்தவர் எண்ணிய இசையை நம் மொழியறியாத கலைஞர்கள் அவ்வண்ணமே வாசித்தனர். இவ்வெழுத்துமுறையை அவர் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்றார்.

அம்பத்தூர், ஆவடிக் கோயில் பாடற்குழுக்களில் நம்மில் பலர் காதால் கேட்டே பாடுகிறோம். அதுவும் நன்றே. ஆயினும் அந்த ஐந்து கோடுகளையும் கற்போமாயின், நாம் புனையும் பாட்டும் ஒருநாள் கடல் கடக்குமன்றோ!