அடுப்புக்குப் போகக்கூடாத விறகு

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும், வத்தேகமவிலிருந்தும் கண்டியிலிருந்தும் மடுல்கெல்லத் தோட்டங்களுக்குச் சிப்போர்ட் அலுமாரிகள் ஏறத் தொடங்கும். பலாப் பலகையில் தளபாடம் செய்விக்கும் வசதி லயத்தில் எத்தனை பேருக்கு உண்டு? விலை கட்டுப்படியாகிறது, கண்ணாடியும் பதித்திருக்கிறது, வாங்குவதில் தவறில்லை. "மருந்து ஏற்றின பலகை, பூச்சியே வராது" என்று கடையில் சொல்வதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது.

மரச்சீவலையும் தூளையும் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்தினால் சிப்போர்ட். பால் ஓய்ந்து வெட்டப்படும் இரப்பர் மரம், யூக்கலிப்டஸ், மர ஆலைக் கழிவு எல்லாமே இதற்கு உதவும். இரப்பர் மரத்தில் மாச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பிடிக்கும். அதனால் போரக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை ஏற்றுவார்கள். சிக்கல் பசையில் இருக்கிறது. மலிவான பலகைக்குப் பெரும்பாலும் யூரியா ஃபோர்மல்டிஹைட் பசைதான். அது இறுக அமிலத்தன்மை வேண்டும், போரக்ஸோ காரம். மருந்து கூடினால் பசை சரியாக இறுகாமல் பலகை வலுவிழக்கும், குறைந்தால் வண்டு துளைக்கும்.

மடுல்கெல்லவில் வண்டைவிட ஈரமே பெரிய எதிரி. நக்கிள்ஸ் மலையிலிருந்து இறங்கும் மூடுபனி, ஊறும் சீமெந்துத் தரை. அலுமாரியின் அடிவிளிம்பைக் குனிந்து பாருங்கள்: பிளாஸ்டிக் பட்டி ஒட்டாத இடத்தில் பலகை உப்பியிருக்கும், நகம் பட்டாலே உதிரும். பூச்சி மருந்து இதைத் தடுக்காது. போதாததற்கு, ஈரத்தில் பசை சிதைந்து ஃபோர்மல்டிஹைட் வாயுவும் கூடுதலாக வெளியேறும். கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் இதனால் வரலாம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் ஃபோர்மல்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. வாயு குறைவாக வெளிவிடும் 'ஈ1' ரகமா என்று கேட்டு வாங்குங்கள். வெட்டு விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசி, செங்கல் துண்டின்மேல் ஏற்றி, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். முதல் சில வாரங்கள் ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

உப்பிப்போன அலுமாரி கடைசியில் போய்ச் சேருமிடம் அடுப்படி. எனக்குப் பெரிய கவலை அதுதான். பசையும் மேல்தாளும் எரியும் புகை, காம்பராவுக்குள் குழந்தை படிக்கும் இடத்திலேயே சுற்றுகிறது. செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்து ஏற்றிய மரத்துண்டு என்றால் இன்னும் மோசம். அமெரிக்காவில் வீட்டுப் பாவனை மரத்துக்கு அதை ஏற்றுவது 2003 இறுதியோடு நின்றது. வெளிர்பச்சை படிந்த பழைய கம்பம், வேலித்தூண் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். எரித்தாலும் ஆர்சனிக் அழியாது, புகையிலும் சாம்பலிலும் இருக்கும். அந்தச் சாம்பலில்தான் சட்டி தேய்க்கிறோம், மிச்சத்தைக் கீரைப்பாத்தியில் கொட்டுகிறோம்.

பலகை அறுக்கும் தச்சருக்கு முகக்கவசம் அவசியம். மருந்தில்லாத மரத்தூளே நுரையீரலுக்கு ஆகாது. தோட்டத்திலோ ஆலையிலோ சம்பளத்துக்கு அந்த வேலை செய்து, வேலையால் நோய் கண்டால் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கோர வழி உண்டு. கறையான், வண்டு மருந்தை லேபிள் இல்லாத போத்தலில் வாங்காதீர்கள். பீடைகொல்லிகளைப் பதிவு செய்யும் அலுவலகம் பேராதனை கெட்டம்பேயிலேயே இருக்கிறது, விசாரிக்கலாம்.

கடையில் ஏமாற்றப்பட்டால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் கைகொடுக்கும். முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் போய்ச்சேர வேண்டும். தீபாவளிக்கு வாங்கியது மார்கழி மழையில் உப்பினால் இன்னும் நாள் இருக்கிறது. சித்திரை வரை பொறுத்தால் தவணை கட்டுவது மட்டுமே மிஞ்சும். ஆகவே பில்லைக் கேட்டு வாங்குங்கள், 'மருந்து ஏற்றியது' என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். உப்பிய இடத்தைத் திகதியோடு படம் எடுத்து வையுங்கள். அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி, பதிலையும் தமிழில் கேட்டுப் பெறலாம்.