பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் வெளிநாட்டு விடுமுறைப் பயணம்

பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவப் பணியாளர்களின் வெளிநாட்டு விடுமுறைப் பயணம் என்பது, நோய்ப் பரவலைத் தடுக்கப் பயணக் கட்டுப்பாடுகள் நடைமுறையில் இருக்கும்போது மருத்துவர், செவிலியர், ஆய்வக நுட்பநர், துப்புரவுப் பணியாளர் முதலியோர் ஓய்வுக்காக நாட்டை விட்டு வெளியே செல்லலாமா என்பது பற்றிய பொது நலவியல், அறவியல் சிக்கல் ஆகும். கோவிட்-19 பெருந்தொற்றின்போது (2020-2023) இக்கேள்வி பல நாடுகளில் எழுந்தது. தமிழ்நாட்டில் தேனி மாவட்டம் போன்ற எல்லைப் பகுதிகளிலும், மேகமலை போன்ற மலைக் குடியிருப்புகளிலும் இது மாநில எல்லையைக் கடப்பது, மலையேறிச் சுற்றுலா செல்வது ஆகிய வடிவங்களிலும் வெளிப்பட்டது.

பின்னணி

கோவிட்-19 நோயை உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்று பெருந்தொற்று என அறிவித்தது. தமிழ்நாட்டில் முதல் நோயாளி 2020 மார்ச் 7 அன்று உறுதி செய்யப்பட்டார். அவர் ஓமானிலிருந்து திரும்பியவர். இந்தியாவுக்கு வரும் பன்னாட்டுப் பயணிகள் வானூர்திச் சேவை 2020 மார்ச் 22 முதல் நிறுத்தப்பட்டது. இடையில் வந்தே பாரத் திட்டத்தின் சிறப்பு வானூர்திகளும், சில நாடுகளுடன் செய்துகொண்ட தனி உடன்பாட்டின்படி இயங்கிய வானூர்திகளும் மட்டுமே பறந்தன. வழமையான சேவை 2022 மார்ச் 27 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. எனவே இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு வெளிநாட்டுப் பயணம் முற்றாகத் தடை செய்யப்பட்டதாகவும் இல்லை, இயல்பாகவும் இல்லை. சட்டம் தடுக்காத பயணத்தை மருத்துவப் பணியாளர் மேற்கொள்வது முறையா என்ற கேள்வி இந்த இடைநிலையிலிருந்தே பிறந்தது.

பணி நாள் இழப்பு

மற்றவர்களின் பயணத்துக்கும் மருத்துவப் பணியாளரின் பயணத்துக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு, திரும்பி வந்த பின் ஏற்படும் பணி நாள் இழப்பாகும். இந்திய அரசு 2020 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டிலிருந்து வருவோர் 7 நாட்கள் தம் செலவில் தனிமைப்படுத்தல் மையத்திலும், அடுத்த 7 நாட்கள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். கோவிட்-19 நோயின் அடைகாப்புக் காலம் 14 நாட்கள் வரை நீளக்கூடும் என்பதே இக்கணக்கின் அடிப்படை.

எடுத்துக்காட்டாக, ஒரு நோயாளர் கூடத்தில் 12 செவிலியர் மூன்று முறைப்பணிகளாகப் பணியாற்றுவதாகக் கொள்வோம். அவர்களுள் ஒருவர் 10 நாட்கள் வெளிநாடு சென்று வந்து 14 நாட்கள் தனித்திருந்தால், 24 நாட்களுக்கு அவரது பணியை மற்ற 11 பேரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ 2 முறைப்பணிகள் கூடும். இருவர் ஒரே நேரத்தில் சென்றால் எஞ்சிய 10 பேருக்குத் தலைக்கு ஏறத்தாழ 5 முறைப்பணிகள் கூடும். இரண்டே செவிலியர் உள்ள சிறு நிலையத்தில் ஒருவர் சென்றால், மற்றவர் 24 நாட்களும் தனியாளாக நிற்க நேரிடும். ஒரே பயணத்தின் சுமை நிலையத்தின் அளவைப் பொறுத்து இவ்வாறு பெரிதும் வேறுபடுகிறது.

விடுப்பு விதிகள்

இந்தியாவில் அரசு ஊழியர்களின் விடுப்பு, அடிப்படை விதிகள் எனப்படும் பணி விதிகளுக்கு உட்பட்டது. அவற்றுள் 67-ஆம் விதி, விடுப்பை உரிமையாகக் கோர முடியாது என்கிறது. பொதுப் பணியின் தேவை கருதி விடுப்பை மறுக்கவோ, வழங்கிய விடுப்பைத் திரும்பப் பெறவோ அதிகாரிக்கு இடமுண்டு. சொந்தக் காரணத்துக்காக வெளிநாடு செல்லவும் அரசு ஊழியர் முன் அனுமதி பெற வேண்டும். ஆகவே அரசு மருத்துவமனைப் பணியாளரைப் பொறுத்தவரை பெருந்தொற்றுக்கு முன்பே விடையின் ஒரு பகுதி விதிகளில் இருந்தது. தனியார் மருத்துவமனைகளில் இது அவரவர் பணி ஒப்பந்தத்தைச் சார்ந்தது.

பெருந்தொற்றின்போது தமிழ்நாடு அரசு 2020 மார்ச் மாதம் 530 மருத்துவர்களையும் 1,000 செவிலியர்களையும் 1,508 ஆய்வக நுட்பநர்களையும் பணியமர்த்த ஆணையிட்டது. அம்மாத இறுதியில் ஓய்வு பெறவிருந்த மருத்துவர், செவிலியர் ஆகியோரின் பணிக்காலத்தையும் இரண்டு மாதங்கள் நீட்டித்தது. 2020 ஏப்ரலில் அரசு ஊழியர்கள் ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறும் வசதி ஓராண்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. தில்லியிலுள்ள அனைத்திந்திய மருத்துவ அறிவியல் கழகம் 2022 ஜனவரியில், ஓமிக்ரான் அலையின்போது, ஆசிரியர்களின் குளிர்கால விடுமுறையின் எஞ்சிய நாட்களை இரத்து செய்தது.

பணியின்போது தொற்றுக்கு ஆட்பட்டுத் தனிமைப்படுத்தப்படும் நாட்களை விடுப்பாகக் கணக்கிடலாமா என்ற கேள்வி 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. பணியால் நேர்ந்த தனிமை வேறு, விருப்பப் பயணத்தால் நேரும் தனிமை வேறு என்ற பாகுபாடு விடுப்பு பற்றிய பிற்கால விவாதங்களைப் புரிந்துகொள்ள உதவும்.

தேனி மாவட்டமும் மேகமலையும்

தேனி மாவட்டம் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துடன் எல்லையைப் பகிர்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் இரு மாவட்டங்களையும் இணைக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து நாள்தோறும் ஏராளமான தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று மாலையில் திரும்புவது வழக்கம். 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவும் மறுநாள் நாடு தழுவிய ஊரடங்கும் நடைமுறைக்கு வந்தபோது இப்போக்குவரத்து நின்றது. பின்னர் எல்லை கடக்க இரு மாநிலங்களின் இணைய அனுமதியும் தேவைப்பட்டது. அன்றாடக் கூலிக்காக மலையேறுபவர் தடுக்கப்படும் இடத்தில், ஓய்வுக்காக வெளிநாடு செல்வோருக்கு வழி திறந்திருப்பது நியாயமா என்ற கேள்வி இங்கு வெறும் கோட்பாட்டுக் கேள்வியாக இல்லை.

போடிமெட்டுக்கு அப்பால் உள்ள மூணாறு, பயணத்தின் இடர்ப்பாட்டைத் தொடக்கத்திலேயே காட்டியது. 2020 மார்ச்சில் அங்குத் தங்கியிருந்த பிரித்தானியச் சுற்றுலாக் குழு ஒன்றைச் சேர்ந்தவர், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தபோதே கொச்சிக்குச் சென்று துபாய் வானூர்தியில் ஏறினார். அவருக்குத் தொற்று இருப்பது உறுதியானதால் அவ்வானூர்தியிலிருந்த பயணிகள் அனைவரும் இறக்கப்பட்டனர்.

மேகமலை, சின்னமனூரிலிருந்து மலைப்பாதை வழியாகச் சென்றடையும் தேயிலைத் தோட்டப் பகுதியாகும். ஹைவேவிஸ், மணலாறு, மேல் மணலாறு, வெண்ணியாறு, மகாராசாமெட்டு, இரவங்கலாறு முதலிய குடியிருப்புகள் இங்குள்ளன. இதைச் சூழ்ந்த காடுகள் 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. கடும் நோயுற்றவரைக் கொண்டைஊசி வளைவுகள் வழியாகச் சமவெளிக்கு இறக்கி, சின்னமனூர், கம்பம் அரசு மருத்துவமனைகளுக்கோ, ஆண்டிபட்டி வட்டம் க. விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கொண்டு செல்ல வேண்டும். இத்தகைய இடத்தில் ஒரு செவிலியரின் வருகையின்மையும், அவர் மூலம் நுழையக்கூடிய தொற்றும் நகரத்தைவிடப் பன்மடங்கு எடை கொண்டவை.

வெளிநாட்டுக்கு மாற்றாக அருகிலுள்ள மலைகளுக்குச் செல்லலாம் என்ற கருத்தும் முன்வைக்கப்பட்டது. ஆனால் அதற்கும் கட்டுப்பாடு இருந்தது. மாவட்டங்களுக்கு இடையே செல்ல இ-பாஸ் பெறும் முறை 2020 செப்டம்பர் 1 அன்று நீக்கப்பட்ட பிறகும், நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளுக்கு அது தொடர்ந்தது. 2021 ஏப்ரல் 20 முதல் இம்மூன்று இடங்களுக்கும் சுற்றுலாப் பயணிகள் செல்லத் தடை விதிக்கப்பட்டது. மலைவாழ் மக்களைப் பொறுத்தவரை, வெளிநாட்டிலிருந்து வருபவரும் மதுரையிலிருந்து வருபவரும் வெளியாட்களே என்பதை இக்கட்டுப்பாடுகள் உணர்த்தின.

ஆதரவான வாதங்கள்

முதலாவதாக, மருத்துவப் பணியாளரும் குடிமக்களே. மற்றவர்க்குச் சட்டம் அனுமதிக்கும் ஒன்றை அவர்களுக்கு மட்டும் மறுப்பது, அதிகம் உழைத்தவரையே தண்டிப்பதாகும். இரண்டாவதாக, பாதுகாப்பு உடை அணிந்து மணிக்கணக்கில் பணியாற்றி, மரணங்களை நாள்தோறும் காண்பவர்க்கு ஓய்வு ஆடம்பரம் அன்று. களைத்த பணியாளரின் தவறு நோயாளியின் உயிரைப் பாதிக்கும். மூன்றாவதாக, தொற்று வெளிநாட்டுப் பயணத்தால் மட்டும் வருவதில்லை. இந்தியாவில் 2021 டிசம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்ட முதல் இரண்டு ஓமிக்ரான் நோயாளிகளுள் ஒருவர் பெங்களூரு மருத்துவர். அவர் வெளிநாட்டுப் பயணம் எதுவும் மேற்கொள்ளாதவர்.

எதிரான வாதங்கள்

மருத்துவமனையில் முதியவர், சிறுநீரக நோயாளர், புற்றுநோயாளர் எனத் தொற்றைத் தாங்க இயலாதோர் கூடியிருக்கின்றனர். எனவே மருத்துவப் பணியாளர் சுமந்து வரும் தொற்றின் விளைவு மற்றவருடையதைவிடப் பெரிது. மேலும், பயண விதிகள் ஒரே இரவில் மாறக்கூடியவை. சென்ற நாட்டில் சிக்கிக்கொண்டால் திரும்பும் நாள் அவர் கையில் இல்லை. பொதுமக்களை வீட்டில் இருக்குமாறு அறிவுறுத்துபவர் தாமே சுற்றுலா செல்வது அந்த அறிவுரையின் மதிப்பைக் குறைக்கும் என்பது மற்றொரு வாதம்.

பிற நாடுகளில்

இசுக்காட்லாந்தின் தலைமை மருத்துவ அலுவலர் கேத்தரின் கால்டர்வுட், ஊரடங்கின்போது தமது இரண்டாவது வீட்டுக்குச் சென்று வந்ததால் 2020 ஏப்ரல் 5 அன்று பதவி விலகினார். நியூசிலாந்தின் சுகாதார அமைச்சர் டேவிட் கிளார்க், குடும்பத்துடன் கடற்கரைக்குச் சென்றது முதலிய விதிமீறல்களுக்காக 2020 ஏப்ரலில் அமைச்சரவை வரிசையில் கீழிறக்கப்பட்டு, ஜூலையில் பதவி விலகினார். இவை உள்நாட்டுப் பயணங்களே எனினும் மக்களின் சினத்தைத் தூண்டின. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் தலைமை அலுவலர் 2020 டிசம்பரில் கரீபியப் பகுதிக்கு விடுமுறையில் சென்றது வெளியானதும் பொறுப்புகளை இழந்தார். இந்நிகழ்வுகளில் விமர்சிக்கப்பட்டோர் அடிநிலைச் செவிலியர் அல்லர், விதி வகுக்கும் நிலையில் இருந்தோர் என்பது குறிப்பிடத்தக்கது.

சில நாடுகள் இக்கேள்வியைத் தனிமனிதரிடம் விடாமல் சட்டத்தால் தீர்த்தன. ஆத்திரேலியா 2020 மார்ச் 25 முதல் 2021 நவம்பர் 1 வரை தன் குடிமக்கள் விலக்கு பெறாமல் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுத்தது. இங்கிலாந்தில் 2021 மார்ச் 29 முதல் தக்க காரணமின்றி வெளிநாடு செல்வோருக்கு 5,000 பவுண்டு தண்டம் விதிக்கப்பட்டது.

புலம்பெயர்ந்த பணியாளர்கள்

பிரித்தானியா, வளைகுடா நாடுகள், ஆத்திரேலியா ஆகியவற்றில் பணியாற்றும் தமிழ் மருத்துவருக்கும் செவிலியருக்கும் வெளிநாட்டு விடுமுறை என்பது பெரும்பாலும் பெற்றோர் இருக்கும் ஊருக்கு வருவதாகும். பிரித்தானியா 2021 ஏப்ரல் 23 அன்று இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் திரும்புவோர் 10 நாட்கள் விடுதியில் தனித்திருக்க வேண்டியிருந்தது. ஐக்கிய அரபு அமீரகம் அதே மாத இறுதியில் இந்தியாவிலிருந்து வரும் பயணிகளை நிறுத்தியது. ஆத்திரேலியா 2021 மே 3 முதல் 15 வரை, இந்தியாவில் இருந்த தன் குடிமக்கள் திரும்புவதையே சிறைத் தண்டனைக்குரியதாக்கியது. நோயுற்ற தாயைக் காண வந்தவரும் கடற்கரையில் ஓய்வெடுக்கச் சென்றவரும் ஒரே விதியால் அளக்கப்பட்டனர். விடுமுறை என்ற ஒரே சொல் இருவேறு தேவைகளை மறைத்துவிடுகிறது என்பதை இது காட்டுகிறது.

தடுப்பூசிக்குப் பின்

இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய தடுப்பூசித் திட்டத்தில் மருத்துவப் பணியாளர்களுக்கு முதலிடம் தரப்பட்டது. கடும் நோய்க்கான வாய்ப்பு இதனால் குறைந்தது. எனினும் தடுப்பூசி பெற்றவர் மூலமும் தொற்று பரவக்கூடும் என்பதால் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து வருவோர் அனைவரும் 7 நாட்கள் வீட்டில் தனித்திருக்க வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 11 அன்று மீண்டும் வந்து, பிப்ரவரி 14 அன்று நீங்கியது. கோவிட்-19 தொடர்பான பன்னாட்டு நெருக்கடி நிலை 2023 மே 5 அன்று முடிவுக்கு வந்ததாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

நடைமுறைத் தீர்வுகள்

முழுத் தடை, முழு உரிமை ஆகிய இரண்டுக்கும் இடைப்பட்ட வழிகள் சில உள்ளன. தனிமைப்படுத்தல் நாட்களையும் சேர்த்தே விடுப்பைக் கணக்கிடுவதும், அதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பதும் ஒன்று. நெருங்கிய உறவினரின் நோய், இறப்பு ஆகியவற்றுக்கான பயணத்தை உல்லாசப் பயணத்திலிருந்து பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. அதே விதி மருத்துவமனைத் தலைவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் ஒன்றுபோலப் பொருந்த வேண்டும்.

இவற்றினும் அடிப்படையானது, ஓய்வை நிறுவனமே ஏற்பாடு செய்வதாகும். ஒருவர் சென்றால் அவர் இடத்தில் நிற்க மற்றொருவர் இருக்கும் மருத்துவமனையில் விடுப்பு ஒரு நிருவாகக் கேள்வி மட்டுமே. மாற்று ஆள் இல்லாத மலைப்பகுதி நிலையத்தில் அது உயிர் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அங்கு பணியாளரின் மனச்சான்றிடம் மட்டும் விடையை எதிர்பார்ப்பது, ஆள் பற்றாக்குறையின் சுமையை அவர் தலையிலேயே ஏற்றுவதாகும்.

இவற்றையும் பார்க்க

மேகமலை
தேனி மாவட்டம்
கம்பம் பள்ளத்தாக்கு
கோவிட்-19 பெருந்தொற்று
தனிமைப்படுத்தல்
மருத்துவ அறவியல்